போர்டில் வைத்த கை

அந்தப் படத்தை நான் ஏழு முறை பார்த்தேன். ஒரு முறைகூட ரசிப்பதற்காகப் பார்க்கவில்லை. எடுத்தவனை எங்கே அடித்தால் வலிக்கும் என்று கண்டுபிடிப்பதற்காகப் பார்த்தேன். மடியில் நோட்டு, கையில் போன். நிறுத்தி நிறுத்தி, யார் எப்போது என்ன பேசுகிறார்கள் என்று எழுதினேன். பி.எட். படிப்பில் வேறு எந்தப் பாடத்துக்கும் நான் இவ்வளவு உழைத்ததில்லை.

படம் எங்கள் ஏரியாவைப் பற்றியது. எடுத்தவன் எங்கள் தெருவில் வளர்ந்தவன். அதில் ஒரு கேரம் சங்கம் வருகிறது, சங்கத்தை நடத்துகிற பெரியவர் ஒருவர் வருகிறார். தோளில் பச்சைக் கரைத் துண்டு. சட்டைப் பையில் போரிக் பவுடர் டப்பா. பேசுவதற்கு முன் இரண்டு முறை தொண்டையைச் செருமுவார். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது என் நைனா. எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

படத்தில் அந்தப் பெரியவர் போட்டியின் கடைசி ஆட்டத்துக்கு நடுவர். கப்பலில் இருந்து இறங்கிய ஒரு வெளிநாட்டுச் சரக்கு பாட்டிலுக்காக, ஹீரோ செய்யாத தப்பைச் செய்ததாகச் சொல்லி அவனைத் தோற்கடிக்கிறார். ஜெயித்திருந்தால் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கும். அது போகிறது, அம்மா சாகிறாள், ஹீரோ ஊரைவிட்டுப் போகிறான். கடைசியில் பெரிய ஆளாகத் திரும்பி வந்து, கடற்கரைக் கல்லில் குந்தியிருக்கும் பெரியவரின் தோளில் கை வைத்து, "மன்னிச்சிட்டேன் நைனா" என்கிறான். பின்னால் வயலின் அழுகிறது.

என் நைனா வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. தொழிற்சாலையில் சம்பள நாள் அன்று எல்லோரும் ஒரு பக்கம் திரும்பினால் இவர் நேராகச் சங்கத்துக்குத்தான் வருவார். படம் வெளியாகி இரண்டாவது வாரம், எண்ணூர் ரோட்டு டீக்கடையில் ஒருத்தன் கேட்டான்: "இன்னா நைனா, பாட்டில் வந்துச்சா?" நின்றவர்கள் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டான், சினிமாவில் நம் ஆளைக் காட்டிவிட்டார்கள் என்கிற குஷி. ஆனால் நைனா டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் சங்கத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முப்பது வருஷம் தன் கையால் திறந்து பூட்டிய அறைக்கு அவர் எட்டு மாதமாகப் போகவில்லை.

வீட்டில் நானும் அவரும்தான். அம்மா போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதைப் பற்றி இங்கே எழுதப்போவதும் இல்லை. காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். மாலையில் வரும்போதும் அதே நாற்காலி. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலால் தொடையைச் சுண்டிக்கொண்டே இருப்பார். அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டைரக்டரின் கழுத்து ஞாபகம் வரும்.

இதில் எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது, நைனா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான் திட்டினால், "வுடும்மே" என்பார். அவ்வளவுதான்.

சங்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் இவ்வளவு ஆடினேன் என்று புரியாது. திருவொற்றியூரில், விம்கோ நகர் மெட்ரோவுக்குப் போகிற வழியில் ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நான்கு போர்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்குகிற ஒரு விளக்கு. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், டிரெய்லர் ஓட்டுகிறவர்கள், வேலை இல்லாதவர்கள், எல்லோரும் அங்கேதான். கேரம் ஆடுகிற எவருக்கும் தெரியும், அடிக்கும்போது ஸ்ட்ரைக்கரைத் தவிர வேறு எதன் மேலும் கை படக் கூடாது. பட்டால் பைன். பாக்கெட்டில் விழுந்த காய் நடுவுக்குத் திரும்பி வரும், கூட இன்னொரு காயும் தண்டமாக வைக்க வேண்டும், ஆட்டம் எதிராளிக்குப் போகும்.

மற்ற இடங்களில் இதைப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பார்கள். எங்கள் சங்கத்தில் பட்டவனே சொல்ல வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் சொல்ல வேண்டும். தன் காயைத் தானே எடுத்து நடுவில் வைப்பான், ஆட்டம் தொடரும், யாரும் அதை ஒரு விஷயமாகப் பேச மாட்டார்கள். சந்தேகம் வந்து எதிராளி கேட்டுவிட்டால் ஒரே வழி, போர்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து "தொடல" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. போர்டில் கை வைத்தவன் வார்த்தையை எவனும் தாண்டக் கூடாது. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் நைனா. குடித்துவிட்டு வந்து பொண்டாட்டியை அடிக்கிறவன்கூட அந்தப் போர்டில் பொய்யாகக் கை வைத்து நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்குப் பதினாறு வயது, படம் எடுத்தவனுக்குப் பத்தொன்பது. சங்கத்தில் ஆடிய ஒரே பெண் நான். நைனாவின் மகள் என்பதால் விட்டார்கள் என்று சொல்வார்கள், நன்றாக ஆடினேன் என்பதால் பொறுத்துக்கொண்டார்கள் என்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு ஆடினேன். அன்று நைனா இல்லை. எனக்கு ஒரே ஒரு காய் பாக்கி, அவனுக்கு இரண்டு. அவன் அடித்தபோது சுண்டுவிரல் என் காயை நகர்த்தியது. என் கண் முன்னால், ஒரு விரல்கடை தூரம் நகர்ந்தது. நான் "டச்சு" என்றேன். அவன் சிரித்தான். "கை வை" என்றேன். "கை வெக்கிறதெல்லாம் ஆம்பளைங்க ஆட்டத்துக்கும்மா. பொம்பளைக்கு இன்னாத்துக்கு?" என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த காயையும் போட்டு ஜெயித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

மூன்று மாதம் கழித்துப் போட்டி, ஜெயிக்கிறவனுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் சங்கத்தில்தான் கடைசி ஆட்டம் நடந்தது. அவனும் எண்ணூர்க்காரர் ஒருவரும். நைனா நடுவர், நான் பக்கத்தில் ஸ்லேட்டில் ஸ்கோர் எழுதினேன். கடைசி காயை அவன் போட்டான், அறையே கத்தியது. அவன் விரல் எதிராளியின் காயில் பட்டது. நைனா பைன் சொன்னார். அவன் போர்டில் கை வைத்து "தொடல நைனா" என்றான். நைனா இரண்டு முறை செருமிவிட்டு, "பைன்" என்றார். காய் திரும்பி வந்தது. எண்ணூர்க்காரர் இரண்டே அடியில் ஆட்டத்தை முடித்தார். அவன் எழுந்து போனான், சட்டையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, பனியனோடு. பிறகு கோடம்பாக்கம் போனான், யாரிடமோ உதவியாளராக இருந்தான், இருபது வருஷம் கழித்து இந்தப் படத்தோடு வந்தான்.

படத்தைப் பார்த்தவர்களிடமெல்லாம் நான் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: அவன் விரல் பட்டதை என் கண்ணால் பார்த்தேன். நூறு முறையாவது சொல்லியிருப்பேன். பொய்யாகக் கை வைத்த ஒருத்தன், அதைக் கண்டுபிடித்த மனுஷனைக் குடிகாரனாக்கி, மன்னிப்பு வேறு கொடுக்கிறான். மன்னிக்க இவன் யார் என்று மெட்ரோவில் போகும்போதுகூட முணுமுணுப்பேன், பக்கத்து சீட்டுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். தனியார் பள்ளியில் பதினொரு வருஷம் பாடம் நடத்திய பிறகு, பி.எட். இல்லாவிட்டால் வேலை இல்லை என்றார்கள். முப்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். உளவியல் பாடத்தில் ஒழுக்க வளர்ச்சி நிலைகள் என்று ஒன்று வரும். மனிதர்கள் நல்லது கெட்டதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் படியில் இருப்பவன் அடி விழும் என்று பயந்து ஒழுங்காக இருப்பான். இரண்டாவது படிக்காரனுக்குத் தன் லாபம்தான் கணக்கு, நீ எனக்குச் செய்தால் நான் உனக்குச் செய்வேன், நல்லதானாலும் கெட்டதானாலும். மூன்றாவது படியில் தன் மனிதர்கள் தன்னை நல்லவன் என்று சொல்ல வேண்டும், அவர்களுக்காக எதையும் செய்யலாம். நான்காவது, சட்டம் என்றால் சட்டம். ஐந்தாவது, சட்டம் நாம் கூடி வைத்துக்கொண்டது, அநியாயமாக இருந்தால் கூடி மாற்றலாம். ஆறாவது படியில் நிற்பவன் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தன் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவன்.

வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கு ஒரு புத்தகமா? எங்கள் சங்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் ஆறு பேரையும் பார்க்கலாம்.

ஒரு சினிமாவை எடுத்து அதில் வரும் பாத்திரங்களை இந்தப் படிகளில் வைத்துக் கட்டுரை எழுத வேண்டும் என்றார் அந்தப் பாடம் எடுக்கிற மேம். எந்தப் படம் என்று அவரே சொன்னார். அந்தப் படம்தான். பிறகு என்னைப் பார்த்து, "உங்க ஏரியாதானே? உங்களுக்கு ஈஸியா இருக்கும். அந்த லாங்வேஜ் எல்லாம் புரியும்" என்றார். "கீது, இன்னா" என்று ஒரு பெண் பின்னாலிருந்து சொல்ல, வகுப்பு சிரித்தது. மேமும் சிரித்துவிட்டு, கரும்பலகையில் எழுதிக் காட்டினார். ஹீரோ கடைசியில் பழிவாங்காமல் மன்னிக்கிறான், ஆகவே ஆறாவது படி. கிழவர் பாட்டிலுக்காகச் செய்கிறார், ஆகவே இரண்டாவது படி.

என் நைனாவுக்கு இரண்டு என்று சாக்பீஸால் எழுதி அடியில் கோடும் போட்டார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்தேன், இந்த ஆறு படியையும் வைத்தே அவனை இறக்குவேன்.

இருபத்தெட்டு பக்கம் எழுதினேன். ஹீரோவின் அம்மா, எதிராளி, துறைமுக அதிகாரி என்று எல்லோரையும் ஒழுங்காக வைத்தேன், மேம் குறை சொல்ல இடம் கொடுக்கவில்லை. பத்தொன்பதாம் பக்கத்தில் ஆரம்பித்தேன்: இந்தக் கதையில் திரையில் வராத பாத்திரம் ஒன்று இருக்கிறது, அது இந்தக் கதையைச் சொல்கிறவர். தனக்கு நேர்ந்த தோல்விக்கு இன்னொரு மனிதரின் பெயரைக் கெடுத்து ஈடு கட்டுகிறவர் எந்தப் படியில் நிற்கிறார்? அதற்குக் கீழே ஒன்பது பக்கம். முதல் படிக்கும் கீழே ஒரு நிலத்தடி அறை இருந்தால் அங்கே தள்ளியிருப்பேன். பெரியவரை, அதாவது என் நைனாவை, ஆறாவது படியில் உட்கார வைத்தேன். பேர் கெட்டும் ஒரு வார்த்தை பேசாமல், கைநீட்டிப் பழி சொல்லாமல் இருக்கிறாரே, அதற்காக.

அதிர்ஷ்டம் பாருங்கள், கல்லூரி விழாவுக்கு அவனையே கூப்பிட்டார்கள். ஒரு மாணவி கட்டுரை வாசிப்பார், டைரக்டர் சார் பதில் சொல்வார் என்று ஏற்பாடு. என் கட்டுரைதான் நீளம் என்று மேம் என்னைத் தேர்ந்தெடுத்தார். பத்தொன்பதாம் பக்கம் வரை அவர் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நைனாவிடம் சொன்னேன். "இன்னாத்துக்கும்மே அதெல்லாம்? வுடு" என்றார். விடுவதற்கா ஏழு முறை பார்த்தேன்?

கறுப்புச் சட்டை போட்டு வந்தான். தாடியில் கொஞ்சம் வெள்ளை. என்னை அடையாளம் தெரியவில்லை. முதல் பதினெட்டு பக்கத்தைச் சுருக்கி வேகமாக வாசித்தேன், அவன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். பிறகு தாளை மேஜையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்துப் பேசினேன்.

"சார், எங்க சங்கத்துல ஒரு பழக்கம் இருக்கு, உங்களுக்கும் தெரியும். படத்துல ஏன் காட்டலைன்னு எனக்குத் தெரியல. சந்தேகம் வந்தா போர்டுல கை வெச்சு சொல்லணும். இந்த மேஜைய போர்டுன்னு நினைச்சுக்கங்க. உங்க கதையில வர்ற அந்தக் கடைசி ஆட்டம் நிஜமா நடந்தது. அதுல நீங்க தொட்டீங்களா?"

மேம் பாதி எழுந்துவிட்டார். அவன் என்னை உற்றுப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் மாறியது. எழுந்து வந்து, என் தாள்களை ஒதுக்கிவிட்டு, மேஜை நடுவில் உள்ளங்கையை வைத்தான்.

"தொடல" என்றான்.

"கைய எடுக்காதீங்க" என்றேன். "அதுக்கு மூணு மாசம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை, என்னோட ஆடினீங்க. அப்போ என் காயைத் தொட்டீங்களா? அன்னிக்கு நீங்க கை வைக்கல. இப்ப வெச்சிருக்கீங்க. சொல்லுங்க."

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான். போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

முதலில் பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். பிறகு முழு அரங்கமும் தட்டியது. "கீது" என்று கிண்டல் செய்த பெண் என்னைக் கட்டிப்பிடித்தாள். மேம் ஒலிவாங்கியைப் பிடுங்கி என்னென்னமோ சமாளித்தார். அவன் விழா முடியும் முன்பே கிளம்பினான், யாரும் வழியனுப்பவில்லை. போகும்போது என் பக்கம் திரும்பி, "நைனா நல்லா கீறாரா?" என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதினால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, ஆனால் அவ்வளவு சந்தோஷம். மெட்ரோவில் நின்றுகொண்டே வந்தேன், உட்கார முடியவில்லை.

நைனா அதே நாற்காலியில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சட்டை, அவன் தாடி, கைதட்டல், எல்லாம். நைனா தொடையைச் சுண்டுவதை நிறுத்தியிருந்தார்.

"கை வெச்சானா?" என்றார்.

"வெச்சான். வெச்சி தொடலன்னு சொல்றான் நைனா, இருபது வருசம் கயிச்சும். அப்பால என்னோட ஆடுன ஆட்டத்த கேட்டேன், கைய எடுத்துட்டான். மாட்டிக்கினான்."

நைனா இரண்டு முறை செருமினார்.

"ஒன்னாண்ட தொட்டத கேட்டதும் கைய எடுத்துட்டான்."

"ஆமா."

"பைனல்ல தொட்டியான்னு கேட்டப்ப எடுக்கல."

"எடுக்கல."

"அப்போ அது நெசம்மே" என்றார் நைனா. "பொய் சொல்றவன்னா ரெண்டுத்துக்கும் வெச்சிகினு இருந்திருப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள்தானே பைன் சொன்னீர்கள், நீங்கள் பார்த்தீர்கள்தானே என்று கத்தினேன். நைனா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் எங்க பாத்தேன்? வாசல்ல பெஞ்சு கேட்டானுங்க, திரும்பினேன். நீதான் என் சட்டைய இய்த்து சொன்ன, நைனா டச்சு, நைனா டச்சுன்னு. என் பொண்ணு பொய் சொல்லாதுன்னு பைன் சொன்னேன். அவன் கை வெச்சான். கை வெச்சவன் பேச்ச தாண்டக் கூடாதுன்னு சொன்னவனே நான்தான். தாண்டிட்டேன்."

செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஸ்லேட்டு ஞாபகம் வந்தது. சாக்பீஸ் பொடி ஒட்டிய என் விரல், நைனாவின் சட்டை நுனி. அவன் அடித்த நேரத்தில் நான் போர்டைப் பார்க்கவில்லை. ஸ்கோர் எழுதக் குனிந்திருந்தேன். காய் விழுந்த சத்தமும் அறை கத்தியதும் கேட்டுத்தான் தலையைத் தூக்கினேன், அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன். பிறகு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவன் விரல் காயில் படுவது எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது.

"படத்துல பாட்டில் மட்டுந்தாம்மே பொய்" என்றார் நைனா. "மத்ததெல்லாம் நெசம். அதான் என்னால சங்கத்துக்குப் போவ முடியல. டீக்கட பசங்க கிண்டல் பண்ணதுக்கா நான் ஒக்காந்துட்டேன்னு நெனச்ச?"

எட்டு மாதமாக அவர் எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதற்கு ஆறாவது படி என்று பெயர் வைத்து, அவன் முன்னால் மேஜையில் விரித்து வாசித்தேன்.

கட்டுரையைப் பற்றி அவர்தான் கேட்டார். "ஆறு படின்னியே, அதுல என்னை எங்க ஒக்கார வெச்ச?"

"ஆறாவதுல."

"எறக்கி வை" என்றார்.

இறக்கி வைத்தேன். அன்று பைன் சொன்ன மனுஷன் மூன்றாவது படியில் நின்றார், தன் பெண் சொன்னதற்காக. மேம் எழுதிய இரண்டு என்ற எண் சரியானதுதான், ஆனால் அது என்னுடையது. நீ எனக்குச் செய்தாய், நான் உனக்குச் செய்தேன். ஒரு காயை ஒரு விரல்கடை நகர்த்தியதற்கு அவன் வேலையை, அவன் ஊரை எடுத்துக்கொண்டேன். போதாதென்று இந்த வாரம் முந்நூறு பேர் முன்னால் இன்னொரு முறை எடுத்தேன். அதற்குக் கைதட்டலும் வாங்கினேன்.

நைனாவிடம் தப்பைச் சொன்னேன். அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டில் இருக்கிற சின்னப் போர்டை எடுத்து வந்து கை வைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"இங்க வெச்சா யாருக்குத் தெரியும்? ஞாயித்துக்கெயம சங்கத்துக்கு வா. அன்னிக்கி இருந்தவன்ல பாதிப் பேரு இன்னும் வர்றான். அங்க வெச்சி சொல்லு. அப்பால நான் வெக்கிறேன்."

"அவனும் வரணுமா?"

"அவன் இல்லாம யாருக்குச் சொல்லுவ?"

அவன் நம்பரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. போன் செய்து யார் என்று சொன்னேன். நான் பார்க்கவில்லை, பொய் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் வைத்துச் சொல்லப்போகிறேன் என்றேன். அவன் மன்னிச்சிட்டேன் என்று சொல்லியிருந்தால் போனை உடைத்திருப்பேன். நல்ல வேளை, சொல்லவில்லை. "நைனா வருவாரா?" என்று கேட்டான். வருவார் என்றேன். "அப்போ வரேன்" என்றான்.

என் காயைத் தொட்டதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வைப்பேன். நான் முதலில் வைக்கிறேன், எல்லார் முன்னாலும், என் கையை. பிறகு அவன் வைக்கட்டும். மேஜையில் இருந்து எடுத்த கையை அன்றைக்குப் போர்டில் வைத்து, தொட்டேன் என்று சொல்லட்டும், சிரிக்காமல். அதோடு விட மாட்டேன். பாட்டில் பொய் என்று அதே போர்டில், டீக்கடைக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்து, அவன் வாயால் சொல்ல வேண்டும். நான் செய்ததற்கு நான் பைன் வைக்கிறேன். அவன் செய்ததற்கு அவன் வைக்க வேண்டும். என் நைனா குடிக்காதவர்.

இதை எழுதுவது சனிக்கிழமை மத்தியானம். கல்லூரியில் என் கட்டுரைக்கு முழு மார்க் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மேமிடம் போய் பத்தொன்பதாம் பக்கத்தில் இருந்து திருப்பி எழுதித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் நைனா பச்சைக் கரைத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.